பத்தொன்பது நாள் வயரிங்

எர்த்து என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் குடியிருக்கிறது, வெளியே வருவதில்லை. முப்பது வருஷமாக எந்த வீட்டுக்கு, எந்தக் கடைக்கு வயரிங் வேலைக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எர்த்து இருக்கா?" என்பதுதான். மின்சாரம் எங்காவது கசிந்தால் அது ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் போய்ச் சேர ஒரு கம்பி வேண்டும். அந்தக் கம்பி இல்லாத இடத்தில் அவர் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார். சௌக்கியமா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இருபத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு கல்யாணம் கூடி வந்தது. அக்கா அலையாய் அலைந்து பேசி முடிக்கிற கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பெண் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இவர் கண் மட்டும் சுவரோரமாகவே போய் பிரிட்ஜுக்குப் பின்னால் நின்றது. "இந்த வயரை யாரு போட்டா?" என்றார். பெண்ணின் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானேதான்" என்றார். "இது வயர் இல்ல சார், தூக்குக்கயிறு" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார் மாப்பிள்ளை. பேச்சு அத்தோடு முறிந்தது. ஆனால் அந்த வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் அந்த வீட்டை விட்டு இறங்கினார்.

அவரைக் கிறுக்கன் என்று சொன்னவர்கள் உண்டு. காரணம் தெரிந்தால் சொல்லமாட்டார்கள். இருபது வயதில் ஒரு மாவு மில்லில், மோட்டாருக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ஒரு நல்ல மனுஷர், யாரோ மெயினை அணைத்துவிட்டுப் போய்விட்டார்களே என்று அக்கறையாக எழுந்து போய்ப் போட்டுவிட்டார். எர்த்து பறந்து போய் மாவு மூட்டைகளின் மேல் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மில்காரர், உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக ஓர் உருவம் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த மெஷினைத் தொடுவதானாலும் முதலில் மெயின் பெட்டியைத் திறந்து அதற்குரிய பியூஸ் கட்டைகளை உருவி எடுத்துவிடுவார். சோப்புக்கட்டி அளவுக்கு இருக்கும் பீங்கான் கட்டைகள். அவற்றைத் தன் காக்கிக் கோட்டின் பக்கப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். இனி எந்த நல்ல மனுஷர் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் கரண்ட் வராது. அதற்காகவே அக்காவிடம் சொல்லி அந்தப் பையை முழம் ஆழத்துக்குத் தைத்து வாங்கியிருந்தார். வேலையைத் தொடும் முன் இடுப்புப் பக்கம் ஒரு தட்டு. பை கனமாக இருந்தால் மெஷின் செத்துக் கிடக்கிறது, தொடலாம். பை காலியென்றால் கரண்ட் உயிரோடு இருக்கிறது, தள்ளி நில். இந்த ஒரு தட்டலை நம்பித்தான் அவர் பத்து விரலோடு நாற்பத்தொன்பது வயது வரை வந்து சேர்ந்திருந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு மரப் பட்டறையில் ரம்ப மெஷினைத் தரையில் பொருத்தி வயரிங் செய்யப் போனார். இரண்டு நாள் வேலை என்று பேச்சு. பத்தொன்பது நாள் ஆனது.

பட்டறைக்கு ஓனர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது, புருஷன் போய்ப் பதினோரு வருஷம். கதவும் ஜன்னலும் அலமாரியும் செய்கிறவர். இத்தனை வருஷமும் கைரம்பத்தாலேயே பலகை அறுத்து வலது தோளைத் தேய்த்து வைத்திருந்தார். இனி கைரம்பத்தைத் தொட்டால் கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ளக்கூட முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். பச்சைப் பெயிண்ட், இரும்பு மேஜை, மேஜையின் நடுவில் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ரம்பம். பட்டறையில் அவருக்குத் துணை ஒரு பாலிஷ்காரர் மட்டும்தான். அறுபது வயது, ஆறடி உயரம், வாய் அதைவிட நீளம்.

முதல் நாளே தகராறு. லாரிக்காரர்கள் மெஷினைச் சுவரோரமாக இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். எர்த்து அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார்.

"இங்க வேணாம், ஓனரம்மா."

"ஏன் சார்? வெளிச்சம் நல்லா இருக்கே."

"உங்க பலகை எத்தனை அடி?"

"எட்டு."

"ரம்பத்துக்கு இந்தப் பக்கம் எட்டடி, அறுத்து முடிச்சு அந்தப் பக்கம் வர எட்டடி. அந்தப் பக்கம் சுவர் மூணடியில நிக்குது. பலகை போய்ச் சுவர்ல முட்டும், நீங்க இழுப்பீங்க, அது திரும்பி உங்க வயித்துல குத்தும். சுவரை நகத்துறீங்களா, மெஷினை நகத்தலாமா?"

மெஷினை நகர்த்தினார்கள். இரும்புக் கடப்பாரையும் உருளைக் கட்டைகளும் போட்டு ஒரு முழு நாள். நடுக்கூடத்துக்கு வந்ததும் ரசமட்டத்தை மேஜை மேல் வைத்துப் பார்த்தால் குமிழி ஒரு ஓரமாகப் போய் நின்றது. தரையைக் கொத்தி, போல்ட்டுகளை இறக்கி, சிமெண்ட் பூசினார். அது இறுகுவதற்கு நான்கு நாள் யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்றார். தொடக்கூடாது என்று சொன்னவர் நான்கு நாளும் காலை ஒன்பது மணிக்கு வந்து, சிமெண்ட் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிமெண்டு ஓடிப் போயிடும்னு பயமா சார்?" என்று பாலிஷ்காரர் கேட்டார். எர்த்து டீயைக் குடித்தார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். பாலிஷ்காரருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. எர்த்துக்குத்தான் புரியவில்லை. அவர் தன்னை உண்மையாகவே சிமெண்டைக் காவல் காக்கிறவராக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் செய்த வேலையில் ஒன்றுகூட வேண்டாத வேலை இல்லை. வயரைத் தரை மேலேயே இழுத்துவிடலாம் என்று பாலிஷ்காரர் சொன்னபோது, "கால் தடுக்கி ரம்பத்து மேல விழறதுக்கா?" என்று சீறிவிட்டு, தரையைக் கீறி இரும்புக் குழாய் புதைத்தார். மெஷினோடு வந்த பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். கரண்ட் போனால் தானாக விழுந்து, திரும்ப வந்தாலும் நாம் பட்டனை அமுக்கும் வரை மெஷினை ஓடவிடாமல் பிடித்துவைப்பது அந்தப் பெட்டியின் வேலை. அது விழவே முடியாதபடி உள்ளே யாரோ ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். எர்த்து அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா, ஓனரம்மா? கரண்டு போச்சுன்னு நீங்க ரம்பத்துல ஒட்டின தூளைக் கையால தட்டிக்கிட்டு இருப்பீங்க. கரண்டு வரும். இந்தக் குச்சி இருந்தா ரம்பம் உங்களைக் கேக்காமலே சுத்தும்."

ஓனரம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு அந்தக் குச்சியை வாங்கி நான்காக ஒடித்துக் குப்பையில் போட்டார். புது ஸ்டார்ட்டர் வர மூன்று நாள் ஆனது.

அதற்குள் எர்த்துக்குழி. பட்டறைக்குப் பின்னால் தானே கடப்பாரை பிடித்து இடுப்பளவுக்குத் தோண்டினார். குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றதும் ஓனரம்மாவே வாளியைத் தூக்கி வந்தார், தோள் வலிக்காத இடது கையில். குழிக்குள் நின்றபடி எர்த்து நிமிர்ந்து பார்த்தார். மேலே ஓனரம்மா வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தார், புருவம் முழுக்க மரத்தூள்.

"போதுமா சார்?"

போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் முழங்கால் வரை வந்தது. அந்த மனுஷர் குழிக்குள் நின்றபடியே காதலில் விழுந்தார் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். ஏழாம் நாள், பதினோரு மணி சுமாருக்கு. அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீயில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கலக்கினார். வேறு ஒரு வீட்டில் காலிங் பெல் ரிப்பேர் செய்துவிட்டு, தானே அமுக்கி, தானே "யாரு?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்தது பெரிய கண்டம். மெஷினின் முன்பக்கம் சிவப்பு நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிறுத்தும் பட்டன் வைக்க வேண்டும். இரண்டு கையும் பலகையில் மாட்டியிருக்கும்போது ஆபத்து வந்தால், இடுப்பால் ஒரு இடி இடித்தே மெஷினை நிறுத்த முடிய வேண்டும். அப்படியென்றால் அறுக்கிறவரின் இடுப்பு உயரம் தெரிய வேண்டும்.

எர்த்து சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். பிறகு பாலிஷ்காரரைக் கூப்பிட்டு, "நீங்க வந்து நில்லுங்க" என்றார்.

"நான் ஆறடி சார். எனக்கு வெச்சா அவங்களுக்கு நெஞ்சுல இடிக்கும். அறுக்கப் போறது அவங்கதானே?"

ஓனரம்மா வந்து நின்றார். "எங்க நிக்கணும்?"

"அறுக்கற மாதிரி நில்லுங்க." சொல்லிவிட்டு எர்த்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாக்பீஸ் இருந்த கையை மட்டும் பின்னால் நீட்டினார். "நீங்களே கோடு போட்டுக்குங்க."

"சார், என்னைப் பாத்துச் சொன்னாத்தானே சரியா நிக்கறேனான்னு தெரியும்?"

"தெரியும். நீங்க சரியாத்தான் நிப்பீங்க."

கோடு போடுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஓனரம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டது. எர்த்தின் காது மடல் இரண்டும் சிவந்ததைப் பார்த்துவிட்டு, அங்கே இன்னொரு பட்டன் வைக்கலாம் என்று பாலிஷ்காரர் சொன்னார்.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ரம்பத்தைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஒரே ஒரு நொடி சுற்றவிட்டார். அதுவும் அவர் சட்டம். மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். ரம்பத்தோடு அப்படிச் சுற்றினால் அதைப் பிடித்திருக்கிற நட்டு தானாகக் கழன்றுகொள்ளும். மோட்டார் எதிர்த்திசையில்தான் சுற்றியது. எர்த்து மெயின் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவிக் கோட்டுப் பையில் போட்டுப் பெட்டியை மூடினார். இரண்டு கம்பிகளை இடம் மாற்றி முறுக்கினார். திரும்ப ஒரு தடவை சுற்றவிட்டுப் பார்த்தால் தீர்ந்தது வேலை.

அப்போது ஓனரம்மா மூன்று கிளாஸ் டீயைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, யாரிடமும் இல்லாமல், "நாளையிலேருந்து ரெண்டு கிளாஸ் போதும்" என்றார். குரலில் சுரத்தே இல்லை. சொன்ன பிறகு, ஒன்றுமே இல்லாத சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எர்த்துக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது. நாளைக்கு மெஷின் ஓடிவிட்டால் இந்தப் பட்டறைக்குள் வர அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. கேட்பதானால் நாளைக்கே கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் கேட்க முடியாது. "மிச்சத்தைக் காலையில பத்து மணிக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீயைத் தொடாமலே கிளம்பினார். தெருவில் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, அதற்கு எர்த்து இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அவர் இருந்தது அக்கா வீட்டு மாடியில். நேராகச் சமையல்கட்டுக்குப் போனார்.

"அக்கா, எங்கிட்ட நல்ல சட்டை ஏதாவது இருக்கா?"

அக்கா கரண்டியோடு திரும்பினாள். முப்பது வருஷத்தில் தம்பி கேட்காத கேள்வி. "பட்டறைக்காரியா?"

"யாரு சொன்னா?"

"பதினெட்டு நாளா நீதானேடா சொல்ற! சோத்தைப் போட்டா ஓனரம்மா, தண்ணியைக் குடுத்தா ஓனரம்மா. கேட்டியா, இல்லியா?"

"நாளைக்குக் கேக்கணும்."

அக்கா அடுப்பை அணைத்தாள். இளநீல நிறத்தில் ஒரு சட்டையைத் தேடி எடுத்துத் தேய்த்து மாட்டினாள். பிறகு அவர் முதுகிலிருந்து காக்கிக் கோட்டை உரித்தெடுத்தாள். "இதைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னா, மீட்டர் பாக்க வந்த ஆளுன்னு நெனச்சு வாசல்லயே நிக்க வெச்சுடுவா" என்று சொல்லி, கோட்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எர்த்து அதைக் கவனிக்கக்கூட இல்லை. நாளைக்குச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டறையில் கூட்டம். மெஷின் ஓடப் போகிறது என்று பாலிஷ்காரர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஓனரம்மாவும் துவைத்து மடித்த புடவையில் இருந்தார். பெல்ட்டும் ரம்பமும் எர்த்து சொல்லியிருந்தபடி கழற்றியபடியே மேஜை மேல் இருந்தன.

இளநீலச் சட்டையில் எர்த்து உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. பாலிஷ்காரர் மெல்ல விசிலடித்தார். எர்த்து மெஷின் முன்னால் போய் நின்றார். பழக்கப்படி இடுப்பில் ஒரு தட்டு. காலி.

"எல்லாரும் ஆறடி தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார். "இப்ப கரண்டு உசுரோட இருக்கு."

எல்லாரும் பின்வாங்கினார்கள். பேச்சைக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. மனசில் வேறொரு வாக்கியம் இருந்து உதைத்தது. எர்த்து பேச ஆரம்பித்தார். நானூறு வோல்ட் என்றால் என்ன, அது ஆளை எப்படிப் பிடிக்கும், எப்படி விடும் என்று கால் மணி நேரம். முன்வரிசையில் நின்ற கடைக்காரர் ஒருவர் பயத்தில் செருப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டார். கடைசியில் எர்த்து விரலை நீட்டிப் பச்சைப் பட்டனை அமுக்கினார்.

ஒரு சத்தமும் இல்லை.

இன்னொரு தடவை அமுக்கினார். கூரையில் இருந்த விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, ஆகவே பட்டறைக்குக் கரண்ட் இருக்கிறது. சிவப்புப் பட்டனைத் திருகி விடுவித்துவிட்டு மறுபடி பச்சை. மோட்டார் அசையவில்லை.

"சார், அது தூங்குது. மெதுவா எழுப்புங்க" என்றார் பாலிஷ்காரர். கூட்டம் சிரித்தது.

எர்த்துக்கு வியர்த்தது. பெண் கேட்க வந்த இடத்தில், ஓனரம்மா கண் முன்னால், பதினெட்டு நாள் பார்த்த வேலை வாய் திறக்கமாட்டேன் என்கிறது. ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் பியூஸை எடுக்க வேண்டும். மறுபடி இடுப்பில் தட்டிப் பார்த்தார். பை காலி, ஆகவே பியூஸ் பெட்டிக்குள் இருக்கிறது. ரப்பர் கையுறையை மாட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, மெயின் பெட்டியின் மூடியை அங்குலம் அங்குலமாகத் திறந்தார். உள்ளே பார்த்தார். பியூஸ் இருக்க வேண்டிய மூன்று இடமும் பொக்கை வாயாக இருந்தது.

"திருடு போயிடுச்சு!" என்றார்.

பட்டறை அதிர்ந்தது. "எது சார்?"

"பியூஸ்! மூணும்! நேத்து ராத்திரி எவனோ உள்ள பூந்திருக்கான்!" பாலிஷ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எடுத்தீங்களா?"

"ஐயோ, எனக்கு எதுக்கு சார் அது? ஊறுகாய் போடவா?"

ஓனரம்மா முன்னால் வந்தார். கதவுப் பூட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எர்த்தின் சட்டையைப் பார்த்தார். மேலே ஒரு பாக்கெட், பக்கத்தில் ஒன்றும் இல்லை. "எர்த்து சார், உங்க கோட்டு எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

எர்த்து வாயைத் திறப்பதற்குள் வாசலில் அக்கா. ஓடிவந்ததில் கொண்டை அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. இரண்டு கையிலும் சேர்த்து மூன்று பீங்கான் கட்டைகள்.

"டேய்! கோட்டைத் துவைக்கலாம்னு எடுத்தேன், கல்லு மாதிரி கனமா இருக்கேன்னு பையைப் பாத்தா இது! இது இல்லாம மெஷின் ஓடுமாடா?" சொல்லிக்கொண்டே வந்தவள் ஓனரம்மாவைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. பியூஸை மறந்தாள், கூட்டத்தை மறந்தாள். "நீதானாம்மா அது? இவன் உன்னைக் கேக்கணும்னு ராத்திரி பூரா தூங்கல. மாடியில நடந்துக்கிட்டே இருந்தான். ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொல்லிப் பாத்தான், கீழ எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. கேட்டுட்டானா?"

எர்த்துக்கு மறுபடியும் மாவு மில்லில் பறந்தது போல இருந்தது, இந்தத் தடவை கீழே மூட்டை இல்லை. முப்பது வருஷமாகக் கட்டிக்காத்த மானம் ஒன்று, யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஆசை ஒன்று, இரண்டையும் அக்கா ஒரே மூச்சில் நடுக்கூடத்தில் கொட்டிவிட்டாள்.

அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார். அக்கா கையிலிருந்து கட்டைகளை வாங்கி, மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மூடினார். ஸ்விட்சைப் போட்டார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பச்சைப் பட்டனைத் தொட்டார். மோட்டார் உறுமிச் சுற்றியது, சரியான திசையில். நிறுத்தினார். மறுபடி மெயினை அணைத்து, பியூஸை உருவி, வைக்கப் பை இல்லாததால் அக்காவின் கையிலேயே கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ரம்பத்தை மாட்டி நட்டை முறுக்கினார். பெல்ட்டை ஏற்றினார். பெல்ட்டுக்கு மூடி, ரம்பத்துக்கு மேல் மூடி. கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எதிலும் உரசவில்லை என்று பார்த்தார். அரை மணி நேரம் ஆகியும் பட்டறையை விட்டு யாரும் போகவில்லை. இதைவிட்டுவிட்டு யார் கடைக்குப் போவார்கள்?

பியூஸ் திரும்பப் பெட்டிக்குள் போனது. "ஓட்டுங்க, ஓனரம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஓனரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு பலகையை எடுத்து வைத்துப் பட்டனை அமுக்கினார். ரம்பம் பாடியது. பலகை வெண்ணெயாகப் பிளந்து அந்தப் பக்கம் போனது. கையால் அறுத்தால் முக்கால் மணி நேரம் ஆகிற பலகை, தோள் ஒரு இழு இழுக்காமல் அறுந்து கிடந்தது. ஓனரம்மா மெஷினை நிறுத்தி, வலது தோளை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ரம்பம் முழுசாக நிற்கும் வரை காத்திருந்துவிட்டு எர்த்தின் பக்கம் திரும்பினார்.

"அக்கா சொல்லிட்டாங்க. நீங்க இன்னும் சொல்லல."

உருப்போட்ட வாக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை. எந்த மெஷினை ஒப்படைத்தாலும் அதன் குறைகளை முதலில் சொல்லிவிடுவது எர்த்தின் வழக்கம். அதுதான் வாயில் வந்தது.

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு. குறட்டை உண்டு. சமையல்ல வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். கோவம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டேன், மூணாவது நாள் நானே வந்துடுவேன். யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் சுவரைத்தான் பாப்பேன், அதை மாத்த முடியாது. இன்னிக்கு பியூஸையும் மறந்துட்டேன், இது புதுசு, உங்களாலதான். இவ்வளவும் தெரிஞ்சு, உங்களுக்குச் சம்மதம்னா..." அதற்கு மேல் காற்றுதான் வந்தது.

ஓனரம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "முந்தாநேத்து நீங்க, வயரிங் முடிஞ்சுது, மோட்டாரை இன்னிக்கே ஓட்டிப் பாத்து ஒப்படைச்சுடலாம்னீங்க. மெஷினுக்கு மேல விளக்கு எரியலன்னு நான் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. கூரையில ஒரு வயர் கழண்டிருந்தது. அரை நாள் தேடினேன்."

"அது தானா கழரல. நான்தான் ஏணி போட்டு ஏறிக் கழட்டி விட்டேன். நீங்க போயிடுவீங்களேன்னு."

கூட்டம் ஓவென்று கத்தியது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எர்த்தின் முகம் மட்டும் வெளிறிவிட்டது. இரண்டடி முன்னால் வந்தார்.

"வயரையா கழட்டினீங்க? மெயினை அணைச்சீங்களா?"

பாலிஷ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அவங்க என்ன சொல்றாங்க, நீ என்ன கேக்கற?"

"அணைச்சீங்களா, இல்லியா?"

"அணைச்சேன்" என்றார் ஓனரம்மா. "டெஸ்டர் வெச்சும் பாத்தேன். ரெண்டு தடவை. உங்ககிட்ட பதினாறு நாள் திட்டு வாங்கினவளுக்கு அதுகூடத் தெரியாதா?"

எர்த்து மூச்சு விட்டார். ஆனால் மனசு இன்னும் ஆறவில்லை.

"ஏணியை யாரு புடிச்சா?"

கூட்டத்துக்குப் பின்னால் பாலிஷ்காரரின் கை மெல்ல மேலே எழுந்தது.

"நான்தான் சார்" என்றார். "ரெண்டு கையாலயும் புடிச்சேன்."

அப்போதுதான் எர்த்து அறுத்துப் போட்ட பலகையின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குச் சிரிப்பு வந்தது. ஓனரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் அது நிற்கவில்லை.